சுவர் காட்டிக்கொடுத்த அடி: தேக்காப் பின்சந்தில் ஓர் இரவுச் சண்டைக் காட்சி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில், ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்காக எடுத்த சண்டைக் காட்சி இது. காட்சித்தாளில் அது மூன்றேகால் பக்கம். சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் கடன்முதலைக் கும்பலுக்காக வீட்டுக் கதவுகளில் சாயம் ஊற்றித் திரியும் இளைஞன் ஒருவனைச் சாதாரண உடையில் இருக்கும் புலனாய்வு அதிகாரி துரத்துகிறார். கடைவீடுகளின் பின்சந்தில் ஓட்டம், சுழல்படியில் தள்ளுமுள்ளு, குப்பைத்தொட்டிகள்மேல் ஒரு விழுதல், பாராங் கத்தியோடு குறுக்கே வரும் இரண்டாமவன், நான்கு அடி, ஒரு பிடி, கைவிலங்கு. ஒளிபரப்பில் 1 நிமிடம் 50 விநாடி. ஒதுக்கப்பட்டது ஒரே இரவு, மாலை 5 மணி முதல் அதிகாலை 4 வரை. இரண்டு கேமரா, 34 ஷாட்.

அந்த இரவில் இருட்டோ மழையோ பெரிய சேதம் செய்யவில்லை. சண்டையை ஒரு திசையை மனத்தில் வைத்து அமைத்தார்கள், விளக்கை வேறு திசையிலிருந்து போட்டார்கள். இரண்டும் முதன்முதலாகச் சந்தித்தது இரவு 9 மணிக்குமேல், செலவுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது. இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்த ஒரு தவற்றைப் பற்றியது. மற்றவை அதைச் சுற்றி நடந்தவை.

இடமும் நேரமும்

சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டு வரிசைகளுக்கு இடையே இருக்கும் பின்சந்து. நீளம் ஏறக்குறைய 60 மீட்டர், அகலம் ஐந்தரை மீட்டர். ஒரு பக்கம் வெள்ளையடித்த சுவர், மறுபக்கம் இரும்புச் சுழல்படிகள், உணவகச் சமையலறைகளின் பின்கதவுகள், புகைபோக்கி விசிறிகள். கீழே ஒரு மூடிய சாக்கடை, மேலே வசிப்போர். படத்துக்கு அழகான இடம், ஒலிப்பதிவாளருக்கு நரகம்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சந்தும் சாலைதான் என்பதால் நிலப் போக்குவரத்து ஆணையம். ஆயுதம் போலத் தோன்றும் பொருள்களுக்கும், காவல் அடையாளம் தாங்கிய உடைக்கும் வண்டிக்கும் காவல்துறை. தெருக்குழாயில் கைவைக்க முடியாது என்பதால் தண்ணீருக்குத் தனித் தொட்டி. சந்தை ஒட்டிய ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வாரம் முன்னதாகத் தமிழ், ஆங்கிலம், சீனம், வங்காளம் என நான்கு மொழிகளில் அறிவிப்பு. மேல்மாடியில் தங்கியிருக்கும் ஊழியர்கள் பலர் அதிகாலை ஐந்துக்கெல்லாம் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள். அவர்கள் தூக்கத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

இரவு 10.30க்குப் பிறகு கத்தல், உலோக மோதல், ஓடும் எஞ்சின் எதுவும் கூடாது என்பது படப்பிடிப்புக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஆகவே கதையின் வரிசையைத் தலைகீழாக்கி, சத்தமானவற்றை முதலில் எடுக்க முதல் உதவி இயக்குநர் முடிவுசெய்தார். சரியான முடிவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தொட்டிகள் சரிந்து குப்பை சிதறிய சந்தை முதலில் எடுத்துவிட்டு, துரத்தலுக்காக அதே சந்தைச் சுத்தமாக்க 25 நிமிடம் போயிற்று. சிதறியவற்றை ஒரு தார்ப்பாய்மேல் பரப்பி, தார்ப்பாயின் ஓரங்களைத் தொட்டிகளால் மறைத்திருந்தால், நான்கு பேர் ஐந்து நிமிடத்தில் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

நேரக் கணக்கையும் பார்க்கவேண்டும். மொத்தம் 11 மணி நேரம். விளக்குக் கட்ட இரண்டேகால் மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, கழற்றி ஏற்ற ஒரு மணி. எஞ்சுவது 405 நிமிடம். ஸ்டண்ட் உள்ள ஒரு செட்டப்புக்கு, அதாவது கேமராவையும் விளக்கையும் ஒருமுறை அமைத்து எடுப்பதற்கு, ஒத்திகை 5, விளக்கைத் திருத்த 5, அடிபடாமல் காக்கும் பேட் அணிந்து உடை சரிசெய்ய 4, மூன்று டேக் 6 நிமிடம் என்று 20 நிமிடம் வைத்தால் 20 செட்டப்தான் வரும். 34 ஷாட் என்பது இரண்டாம் கேமரா 14 முறை உருப்படியான படம் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. ஐந்தரை மீட்டர் சந்தில் இரண்டாம் கேமராவின் கண்ணில் ஒரு ஸ்டாண்டோ, சவுண்ட்காரரின் மைக் கம்போ படாமல் இருப்பதே பெரிது.

அந்தி

நிலநடுக்கோட்டருகே அந்தி சட்டென்று முடிந்துவிடும். மே மாதத்தில் சூரியன் 7 மணி சொச்சத்தில் மறையும். வானம் நீலமாக நின்று கூரை ஓடுகளின் விளிம்பைக் காட்டும் நேரம் அதற்குப் பின் 20 நிமிடம் அளவுதான். சந்து முழுவதும் தெரியும் அகல ஷாட்டை அப்போது எடுத்துவிட்டால் பின்னிரவில் அதற்காக ஒரு பெரிய விளக்கைக் கூரைக்கு ஏற்றவேண்டியதில்லை. இந்தக் குழு அதை ஒழுங்காகச் செய்தது. கேமராவை 6.45க்கே பூட்டி, ஓடுபவரை மூன்று முறை ஒத்திகை பார்த்து, 7.15 முதல் 7.32 வரை நான்கு டேக். இறுதித் தொகுப்பில் இருப்பது மூன்றாவது டேக். நான்காவதில் வானம் ஏற்கெனவே கறுத்துவிட்டது.

வெளிச்சமும் மின்சாரமும்

கேமரா சோனி எஃப்எக்ஸ்9. இதன் இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 800, 4000. இரவுக்கு 4000. லென்ஸின் திறப்பு டி2.8, விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. இந்த அமைப்பில் முழு வெளிச்சம் என்பதே ஏறக்குறைய 25 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). முகத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து இரவாகக் காட்ட 12 லக்ஸ் போதும். சந்தின் தெருவிளக்கே சில இடங்களில் அந்த அளவைத் தொட்டுவிடும். எனவே இன்றைய கேமராக்களோடு இரவில் செய்யும் வேலையில் பாதி, வேண்டாத வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் அடைப்பது.

ஆனால் சண்டைக்கு இயக்குநர் மெதுவோட்டம் (ஸ்லோ மோஷன்) கேட்டார். விநாடிக்கு 50 சட்டகம் என்றால் ஷட்டர் 1/100, தேவை 50 லக்ஸ். அடியின் கூர்மைக்காக 25 சட்டகத்திலேயே ஷட்டரை வழக்கமான 180 பாகையிலிருந்து 90 பாகைக்குக் குறைத்தாலும் அதே 1/100தான், அதே இரட்டிப்புத்தான். முன்தயாரிப்புக் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட்டால், களத்தில் கேஃபர், அதாவது விளக்குக் குழுத் தலைவர், விளக்கை ஏற்றுவார், பின்னணியும் சேர்ந்து ஏறும், ஏற்கெனவே எடுத்த ஷாட்டுகளோடு ஒட்டாது.

இதே இடத்தில் ஒரு சிறு விபத்து தப்பியது. ஷட்டரை 45 பாகைக்கு, அதாவது 1/200க்குக் குறைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை எழுந்தது. சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் விளக்குகளும் மலிவான எல்இடி பலகைகளும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/50, 1/100 இரண்டும் அந்தத் துடிப்பை முழுதாக உள்வாங்கிவிடும். 1/200 உள்வாங்காது. சந்தின் வாயிலில் இருந்த கடைப்பலகை மானிட்டரில் பட்டை பட்டையாக ஓடத் தொடங்கியதும் யோசனை கைவிடப்பட்டது. கடைகளின் விளக்குகள் சட்டகத்துக்குள் வரும் ஊரில் ஷட்டரோடு விளையாடுவதற்குமுன் அந்த விளக்குகளை ஒரு நிமிடமாவது படம்பிடித்துப் பார்க்கவேண்டும்.

விளக்கு அமைப்பு இப்படி. கிழக்கு முனையில் ஒரு மாடிப் பின்தளத்தில், ஐந்து மீட்டர் உயரத்தில், ஒளியைக் குவிக்கும் ஃபிரெனல் கண்ணாடி பூட்டிய 1200 வாட் எல்இடி. அதுதான் நிலவும், ஈரத்தரையின் பளபளப்பும். சுழல்படிகளின் பக்கம் இரண்டு 600 வாட் விளக்குகள், லீ 652 என்ற நிறத்தாள் ஒட்டி, பழைய சோடியம் தெருவிளக்கின் ஆரஞ்சில். தெருவெல்லாம் வெள்ளை எல்இடிக்கு மாறிவரும் காலத்தில் இந்த ஆரஞ்சு சற்றுப் பழங்கதைதான். இருந்தாலும் நீலத்துக்கு எதிரே ஒரு வெப்பநிறம் இல்லாவிட்டால் இரவு தட்டையாகிவிடுகிறது. தொட்டிகளுக்குப் பின்னும் கதவு மூலைகளிலும் மின்கலத்தில் ஓடும் ஒரு மீட்டர் குழல்விளக்குகள் ஆறு. காவல் வண்டியின் சிவப்பு நீலம், சட்டகத்துக்கு வெளியே இரண்டு குழல்களில் கட்டுப்படுத்தித் தரப்பட்டது. உண்மையான சுழல்விளக்கின் மின்னல்வெட்டு, சட்டகத்தின் ஒரு பகுதியில் மட்டும் விழுந்து மறுபகுதியை விட்டுவிடும். வண்டி இருக்கிறது என்று நம்ப வைக்கச் சுவரில் நிறம் மாறினால் போதும்.

மொத்த இழுவை: 1200 வாட் விளக்கு முழு அளவில் 1440 வாட் வரை, 600 வாட் இரண்டும் தலா 720, மானிட்டர்களும் மின்னேற்றிகளும் 600. கூட்டினால் 3480 வாட், 15 ஆம்பியர். ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. எனவே சத்தமில்லாத சிறு ஜெனரேட்டர் ஒன்று சந்துக்கு வெளியே நின்றது. 10.30க்கு முன்பே அதையும் அணைத்துவிட்டு, முன்பே பேசி வைத்த இரண்டு உணவகங்களின் வெவ்வேறு மின்சுற்றுகளிலிருந்து எடுப்பது திட்டம். 10.05க்கு, மாற்றிய ஐந்தாம் நிமிடம், ஓர் உணவகத்தின் முழு மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. உறைபெட்டியும் சேர்ந்து நின்றது. காரணம் சாதாரணம். நீட்டுக்கம்பியின் இணைப்பு தரையில் கிடந்தது, தரையை நனைத்த தண்ணீர் அதைத் தேடி வந்தது, கசிவைக் கண்டறியும் 30 மில்லியாம்பியர் பிரேக்கர் தன் கடமையைச் செய்தது. அது விழுந்ததற்கு நன்றி சொல்லவேண்டும். ஈரத்தரையில் படமெடுக்கும்போது ஒவ்வொரு இணைப்பும் தரையிலிருந்து ஓரடி மேலே, நீர்புகா உறைகொண்ட நீல நிற 16 ஆம்பியர் பிளக்கில் இருக்கவேண்டும். வீட்டு நீட்டுக்கம்பிக்குப் பிளாஸ்டிக் பை சுற்றுவது பாதுகாப்பாகாது. பைக்குள் வேர்த்தே நீர் சேரும். இதனால் இழந்தது 20 நிமிடம். உறைபெட்டிக்குள் இருந்த மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஈரத்தரை

கறுத்த தார்ச்சாலை இரவில் வெளிச்சத்தை விழுங்கிவிடும். நனைத்தால் கண்ணாடியாகி விளக்குகளைத் திருப்பிக் காட்டும். இரவுக் காட்சிகளில் தெரு எப்போதும் மழை விட்டதுபோல் இருப்பதன் காரணம் இதுதான். 60 மீட்டர் சந்தை ஒருமுறை நனைக்க 300 லிட்டர் போயிற்று. 1000 லிட்டர் தொட்டி மூன்று முறைக்குத்தான் வரும். பகல் வெயிலை உள்வாங்கிய தார், முன்னிரவில் இன்னும் சூடாக இருக்கும். முதல் நனைப்பு 25 நிமிடத்தில் காய்ந்து திட்டுத்திட்டானது. நள்ளிரவுக்குப் பின் அதே ஈரம் ஒரு மணி நேரம் நின்றது. ஆகவே முன்னிரவில் சட்டகத்துக்குள் வரும் பகுதியை மட்டும் நனைத்துத் தண்ணீரைச் சேமிக்கவேண்டும். இங்கே முதலிரண்டு நனைப்பிலும் முழுச் சந்தையும் நனைத்து, நள்ளிரவில் இன்னொரு தொட்டிக்குச் சொல்லியனுப்ப நேர்ந்தது.

ஓடுபவருக்கு ஈரத்தார் பெரிய ஆபத்தில்லை. ஐந்தடிப் பாதையின் (கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) மெருகுத் தரையோடு, சமையலறைக் கதவருகே எண்ணெய் படிந்த சிமெண்டு, சாக்கடையின் இரும்பு மூடி இவை மூன்றும்தான் ஆளை வீழ்த்துபவை. ஸ்டண்ட் மாஸ்டர் செய்தது நல்ல வேலை. ஓடும் தடத்தை 80 செ.மீ. அகலத்துக்கு உலர்வாக விட்டு, அதன் இரு பக்கமும் கேமராவுக்கு முன்பகுதியிலும் மட்டும் நனைக்கச் சொன்னார். கேமரா தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்ததால் முன்பகுதியின் பளபளப்பு உலர்ந்த தடத்தைப் பார்வைக்கு மறைத்துவிட்டது. சமையலறைக் கதவருகே சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சி எடுத்தார்கள். முடிந்தபின் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரையும் தள்ளிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். டெங்கிக் கொசு படப்பிடிப்பு அட்டவணை பார்த்து முட்டையிடுவதில்லை.

சுவரில் விழுந்த நிழல்

திரையில் குத்து முகத்தில் படுவதில்லை. குத்துபவரின் கைமுட்டி, வாங்குபவரின் தாடைக்கு 20 செ.மீ. முன்னால் குறுக்கே கடந்துபோகும். கேமராவுக்கு அந்த 20 செ.மீ. ஆழத்தில் கிடப்பதால் தெரியாது. முட்டியும் முகமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோல் தோன்றும், அந்தக் கணத்தில் தலை திரும்பினால் அடி விழுந்துவிடும். 85 மி.மீ. லென்ஸை நான்கு மீட்டரில் வைத்தால் இது மிக எளிது. 24 மி.மீ. லென்ஸை ஒன்றரை மீட்டரில் வைத்தால் முட்டி மிகப் பெரிதாகி, இடைவெளி தன்னைத்தானே அறிவித்துவிடும்.

ஒத்திகை நடந்தது ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு அறையில். நான்கு மாலை, மேலிருந்து சீராகப் பரவும் டியூப் வெளிச்சம். ஸ்டண்ட் மாஸ்டர் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டிய நான்கு அடியும் குறையில்லாமல் இருந்தன. அறையின் நீளத்தைச் சந்தின் அகலமாகக் கொண்டு, சுவர் ஓரத்தில் நடிகர்களை நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது சுழல்படிப் பக்கத்திலிருந்து, கேமரா பார்க்கும் என்று அமைத்திருந்தார்.

களத்தில் கேமராவுக்குப் பின்வாங்க இடமில்லை. ஐந்தரை மீட்டர் அகலத்தில் படிக்கட்டு ஒரு மீட்டரைத் தின்றுவிட்டது. எனவே கேமரா சந்தின் நீளவாக்கில் திரும்பியது, அதற்கேற்பச் சண்டையும் கால்வட்டம் திரும்பியது. அதுவரை சரி. ஆனால் சோடியம் நிற விளக்கு பழைய இடத்திலேயே, சுழல்படிமேல், இப்போது சண்டைக்குச் சரியாகப் பக்கவாட்டில் நின்றது. நடிகர்களுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் வெள்ளைச் சுவர்.

முதல் மூன்று செட்டப்பும் மானிட்டரில் நன்றாகவே தெரிந்தன. எல்லார் கண்ணும் நடிகர்கள்மேல். 9.50க்கு ஃபோக்கஸ் பார்க்கும் இளைஞர்தான் கவனித்தார்.

"மாஸ்டர், அடி படலைன்னு சுவரே சொல்லுது."

திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். நடிகர்களிடையே கச்சிதமாக விழுந்த அடி, சுவரில் அவர்கள் நிழல்களிடையே ஒரு சாண் தள்ளிக் காற்றில் போனது. நிழல் தலை எந்தக் காரணமுமில்லாமல் திரும்பியது.

காரணம் எளிய வடிவியல். ஒரு விளக்கு எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதைத்தான் நிழல் வரைகிறது. கேமராவின் பார்வைக்கோட்டில் மறையும் இடைவெளி, அதற்குச் செங்குத்தாக நிற்கும் விளக்குக்கு அப்பட்டமாகத் தெரியும். அந்த விளக்கு தான் கண்டதைச் சுவரில் எழுதிவிடுகிறது. எவ்வளவு தெளிவாக எழுதும் என்பது விளக்கின் அகலத்தைப் பொறுத்தது. 25 செ.மீ. அகல முகப்புள்ள விளக்கு, ஒன்றரை மீட்டர் பின்னாலுள்ள சுவரில் போடும் நிழலின் ஓரம் கொஞ்சமே மங்கும். 20 செ.மீ. இடைவெளி பளிச்சென்று தெரியும். அதே விளக்கை, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் 1.2 மீட்டர் டிஃப்யூஷன் சட்டத்தின் வழியாக விட்டால் ஓரம் அந்த இடைவெளியைவிட அகலமாக மங்கிவிடும், இடைவெளி கரைந்துபோகும்.

களத்தில் பேசப்பட்ட வழிகள் நான்கு. டிஃப்யூஷன் போடுவது முதலாவது. அகலச் சட்டம் சந்தின் பாதியை அடைக்கும், வெளிச்சமும் குறையும், மெதுவோட்டத்துக்கு எட்டாது. சுவர்மேல் விழும் பகுதியை மட்டும் கறுப்புத் துணியால் வெட்டுவது இரண்டாவது. நின்று பேசும் காட்சிக்குச் சரி, நகரும் சண்டையில் துணியின் விளிம்பு நடிகர்கள்மேலேயே ஏறி இறங்கும். நடிகர்களைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளுவது மூன்றாவது. சந்து அவ்வளவு அகலமில்லை. நான்காவதுதான் செய்யப்பட்டது. பக்கவிளக்கை அணைத்து, சண்டைக்கான முதன்மை வெளிச்சமாகக் கிழக்கு முனையில் பேக்லைட்டாக, அதாவது நடிகர்களுக்குப் பின்னால், நின்ற விளக்கையே வைத்து, கேமராவை மேற்கிலிருந்து அதற்கு நேர் எதிரே நிறுத்தினார்கள்.

விளக்கும் கேமராவும் ஒரே கோட்டின் இரு முனைகளில் இருந்தால், கேமராவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது விளக்குக்கும் அப்படியே படியும். நிழலும் அதே பொய்யைச் சொல்லும். அது விழுவதும் சுவரில் இல்லை, கேமராவை நோக்கி நீண்டு ஈரத்தரையில். ஈரத்தரை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புவதால் நிழல் அங்கே மிகவும் வெளிறித் தெரியும். முகங்கள் முழு இருட்டாகாமல் இருக்க, குழல்விளக்கு இரண்டைக் கேமராவுக்கு மிக அருகில், பார்வைக்கோட்டிலிருந்து 15 பாகைக்குள், மிகக் குறைந்த அளவில் வைத்தார்கள். ஆரஞ்சு நிறம் பின்னணிப் படிகளில் மட்டும் தங்கியது.

இதன் விலை 55 நிமிடம். விளக்குக்கு 20, மீதி சண்டையை மறுபடி அமைக்க. நான்கு அடிகளில் இரண்டு, பழைய கோணத்துக்காக இடமிருந்து வலமாகப் போனவை. புதிய கோட்டில் அவை கேமராவை நோக்கியும் விலகியும் போகவேண்டும். நேர்க்குத்து ஒன்றை வளைகுத்தாக மாற்றினார்கள். கேமராவை நோக்கி நேராக வரும் குத்து படத்தில் நகர்வதே தெரியாது, வளைவு சட்டகத்தைக் கடக்கும். கிம்பலில் (ஆடாமல் தாங்கும் கைப்பிடி) பூட்டிய கேமரா சண்டையைச் சுற்றி அரைவட்டம் போடும் ஷாட் கைவிடப்பட்டது. சுற்றும் கேமரா எங்காவது ஓரிடத்தில் இடைவெளியைக் கண்டே தீரும். அது எழுத்தில் மிக அழகாக இருந்த ஷாட், இழந்ததில் வருத்தமில்லை.

சமூக மன்ற அறையிலேயே இதைத் தவிர்த்திருக்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு கைவிளக்கை ஸ்டாண்டில் கட்டி, கேஃபர் எங்கே விளக்கு வைக்கப்போகிறாரோ அந்தத் திசையில் நிறுத்தி, ஒரு வெள்ளைத் துணியைச் சுவராகத் தொங்கவிட்டால் போதும். பத்து நிமிட வேலை. கேஃபர் ஒத்திகைக்கு வருவதில்லை, ஸ்டண்ட் குழு விளக்கு வரைபடம் பார்ப்பதில்லை என்ற பழக்கம்தான் இங்கே செலவாகிப்போனது.

விழுதலும் கருவிகளும்

சுழல்படியின் ஐந்தாம் படியிலிருந்து தொட்டிகள்மேல் விழுவது, முன்னிரவில் எடுத்த சத்தமான ஷாட். தொட்டிகளில் இரண்டு உண்மை, இரண்டு அடிப்பகுதி வெட்டியவை. வெட்டியவற்றுக்குள் வெற்று அட்டைப்பெட்டிகள், அதன்மேல் 30 செ.மீ. மெத்தை, அதன்மேல் கறுப்புக் குப்பைப்பைகளில் பஞ்சு. அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சினால் வலுவிழந்து, விழும் எடையைத் தாங்காமல் உடனே நசுங்கித் தரையைத் தொட்டுவிடும். அடியில் பிளாஸ்டிக் விரித்து, அந்த இடத்தை நனைக்காமல் விட்டது சரி. ஒவ்வொரு டேக்குக்கும் நசுங்கிய பெட்டிகளை மாற்றவேண்டும். ஆறு போதும் என்று கொண்டுவந்து, இரண்டாம் டேக்கோடு தீர்ந்தது. மூன்றாவது டேக் எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் கூடாது.

பாட்டில் உடையும் ஷாட்டுக்குச் சர்க்கரைக் கண்ணாடி இந்த ஊர் ஈரப்பதத்தில் நிற்காது. காற்றிலுள்ள நீரை இழுத்து, பிசுபிசுத்து, உடையவேண்டிய நேரத்தில் வளையும். பிசின் வார்ப்பு பாட்டில்தான் வழி. அதுவும் மெல்லியது. ஆறில் இரண்டு வண்டியிலேயே உடைந்தன. அதன் சில்லுகளும் தோலைக் கீறும், ஈரத்தரையில் கண்ணுக்குத் தெரியாது. கைவிலங்கு ஷாட்டில் நடிகர் முகம் தரையில் படவேண்டும் என்பதால், பாட்டில் ஷாட் அந்த இடத்தைவிட்டுத் தள்ளி வைக்கப்பட்டது. நிரப்பியிருந்தது தேத்தண்ணீர். பொது இடத்தில் 10.30க்குமேல் மது அருந்தத் தடை உள்ள ஊரில் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் முகர்ந்து பார்க்கக் கொடுக்கலாம்.

பாராங் மூன்று பிரதி: அண்மை ஷாட்டுக்கு மழுங்கிய அலுமினியம், வீசுவதற்குக் கெட்டி ரப்பர், உடலில் படுவதற்கு நுரை. ரப்பர் பிரதி வேகமாக வீசினால் நுனி ஆடும், 50 சட்டகத்தில் அந்த ஆட்டம் அப்படியே தெரியும். உள்ளே மெல்லிய மூங்கில் பட்டை வைத்த பிரதி ஆடவில்லை, ஆனால் அதை உடலுக்கு அருகே வீசக்கூடாது. மூன்றும் பூட்டிய பெட்டியில், அனுமதிக் கடிதத்தின் நகலோடு, எடுப்பதும் வைப்பதும் கையெழுத்திட்டு. டேக்குகளுக்கு இடையில் நடிகர் கையில் கத்தியோடு கோப்பி வாங்கப் போனால், 999க்கு அழைப்பவர்மேல் குற்றம் சொல்லமுடியாது.

பின்னிரவு

சாப்பாடு 11.30க்கு. ஹலால், சைவம் இரண்டும். 12.30 முதல் 3.35 வரை பத்து செட்டப், இரவின் சிறந்த வேலை அந்த மூன்று மணி நேரத்தில்தான். உணவகங்கள் மூடிப் புகைபோக்கி விசிறிகள் நின்றதும் ஒலி சுத்தமாயிற்று. கத்தல் தடையால் நடிகர்கள் வாயசைத்துக் கத்தினார்கள். சத்தமில்லாமல் கத்தும்போது கழுத்து நரம்பு புடைப்பதில்லை, கேமராவுக்கு அது தெரியும். மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கச் சொன்னபின் சரியானது. மூச்சிரைப்பு, முனகல், உடைச் சலசலப்பு ஆகியவற்றை ஒவ்வொரு நடிகருக்கும் இரண்டு நிமிடம் வண்டிக்குள் தனியாகப் பதிந்துகொண்டார்கள். காலடி ஓசை வண்டிக்குள் எடுக்கமுடியாதது, ஒலிக்கூடத்துக்குப் போனது.

ஃபோக்கஸ் பற்றி ஒரு வார்த்தை. 35 மி.மீ. லென்ஸ், டி2.8, மூன்று மீட்டரில் தெளிவின் ஆழம் 1.3 மீட்டர் அளவு. 85 மி.மீ., நான்கு மீட்டரில் அது 37 செ.மீ. மட்டும். சண்டையில் ஒரு காலடியே அதைவிட நீளம். ஆகவே 85 மி.மீ. ஷாட்டுகளில் நடிகர்களின் இடக்கால் எங்கே ஊன்றும் என்று தரையில் குறியிட்டார்கள். சாதாரண டேப் ஈரத்தில் ஒட்டாது, வண்ணச் சுண்ணாம்பு கரைந்துவிடும். சிறு மணல் பொட்டலங்கள்தான் நின்றன, காலில் தட்டுப்படுவதால் நடிகருக்கும் குனியாமல் இடம் தெரிந்தது.

3.35க்குக் காற்று திசைமாறிக் குளிர்ந்து அடித்தது. மே மாத விடியற்காலையில் இது சுமத்ரா புயல்காற்றின் அறிகுறி, மழை அரைமணிக்குள் வந்துவிடும். மாடித்தள விளக்கை இறக்கும் உத்தரவை உடனே கொடுத்தார் கேஃபர். இரண்டு ஷாட் பாக்கி இருந்தது, இயக்குநர் பத்து நிமிடம் கேட்டார், கிடைக்கவில்லை. ஐந்து மீட்டர் உயரத்தில், மணல்மூட்டைகளின் பலத்தில் நிற்கும் ஒரு விளக்குக்காகப் பேரம் பேசக்கூடாது. 4.10க்குக் கொட்டியது. ரயில் ஓடத் தொடங்குவதற்குமுன் கலைந்ததால், திட்டத்தில் இல்லாத நான்கு டாக்சிகளுக்கு நள்ளிரவுக் கட்டணத்தோடு செலவாயிற்று.

தொகுப்பறையில்

34இல் 27 ஷாட் தேறின. ஐந்தை எழுத்திலேயே நீக்கிவிட்டார்கள், இரண்டைப் பின்னர் எடுத்தார்கள். சுவரில் நிழல் விழுந்த மூன்று செட்டப்பில் ஒன்று மட்டும் காப்பாற்றப்பட்டது. நிழல்கள் சந்திக்காத ஆறு சட்டகங்களை வெட்டி, அங்கே எதிராளியின் அண்மை முகத்தைச் செருகினார் எடிட்டர். மற்ற அடிகளில் முட்டி முகத்தைக் கடக்கும் கணத்தில் இரண்டு சட்டகங்களை, அதாவது 80 மில்லிவிநாடியை, நீக்கினார். பார்ப்பவர் கண் தவறவிட்டதை ஒலி நிரப்பியது. தலை திரும்புவது மூன்று சட்டகம் தாமதமான ஒரு டேக்கை எந்த ஒலியும் காப்பாற்றவில்லை.

நிறம் சீராக்கும்போது முகத்தின் வெளிச்சப் பக்கம் முழு வெள்ளையின் 30 முதல் 35 விழுக்காட்டில் வைக்கப்பட்டது. அறையின் இருட்டில் அது அதிகமாகவே தெரிந்தது. ஆனால் ஒளிபரப்புக்காகப் படத்தைச் சுருக்கும்போது அடர்நிழல்கள் கட்டம்கட்டமாக உடையும், பாதிப் பேர் இதை மீவாட்ச் இணையத் தளத்தில், ரயிலில், முழு விளக்கொளியில் கைப்பேசியில் பார்ப்பார்கள்.

விடுபட்ட இரண்டு ஷாட்டும், தரையில் அழுந்தும் முகமும் பூட்டும் கைவிலங்கும், மறுவாரம் ஒளிப்பதிவுக் கூடத்தின் சரக்கு ஏற்றியிறக்கும் தளத்தில் ஒரு மணி நேரத்தில் எடுக்கப்பட்டன. ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு ஒட்டுப்பலகையில் தார்த்தாள் ஒட்டி, 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி, பின்னால் ஒரு 600 வாட் விளக்கு, ஓரத்தில் லீ 652 சுற்றிய ஒரு குழல். கேமராவுக்கு எதிரே விளக்கு, விளக்குக்கு எதிரே கேமரா, பக்கத்தில் சுவர் எதுவும் இல்லை.